வருத்தம் சாரின் வாக்கியம்

கடிதத்தை முதல் தடவை படித்ததும் அவருக்கு 'அடடா, யாரோ நன்றாக எழுதியிருக்கிறார்கள்' என்றுதான் தோன்றியது. மகளுக்குக் கல்லூரியில் இடமில்லை என்று வந்த கடிதத்தைப் பார்த்து ஒரு தகப்பன் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் அவர் பிழைப்பு அப்படி. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு 'இல்லை' என்று பதில் எழுதுகிற மேசை அவருடையது. எந்தக் கடிதத்தையும் 'வருந்துகிறோம்' என்று முடிப்பதால் அலுவலகத்தில் 'வருத்தம் சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "வருத்தம் சார், டீ குடிக்க வரலையா?" என்று கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்.

மகள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மேலே உப்பு ஜாடியை நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவப் போயிருந்தாள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதிலிருந்து அடுப்படி முழுக்க அவள் கையில்தான். அம்மா கட்டுப் பிரிக்கத் தன் தங்கையோடு மருத்துவமனைக்குப் போயிருந்தாள். எந்த நேரமும் வந்துவிடுவாள்.

இரண்டாவது தடவை படித்தபோதுதான் அவருக்கு மூக்கில் வேர்த்தது. 'மன்னிக்கவும்' என்று ஒரு வார்த்தை இருந்தது. எந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்கும்? அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆர்வக்கோளாறில் அப்படி எழுதப்போய், மேலாளர் கூப்பிட்டு, "மன்னிப்புக் கேட்டா தப்பு நம்ம மேலன்னு ஒத்துக்கிட்ட மாதிரிய்யா, நாளைக்கு வக்கீலோட வந்து நிப்பான்" என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். அன்றோடு விட்ட வார்த்தை அது. இந்தக் கடிதமோ மன்னிப்புக் கேட்டதோடு நிற்காமல், 'உங்கள் கட்டுரையை இரண்டு பேர் படித்தோம், இருவருக்குமே பிடித்திருந்தது' என்று கொஞ்சியது. பிடித்திருந்தால் ஏனய்யா இடம் தரவில்லை? அடியில் 'சேர்க்கைக் குழுவுக்காக' என்று அச்சாகியிருந்தது. அதற்கு மேலே கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாகக் கிடந்தது.

"உறை எங்கம்மா?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"குப்பையில போட்டுட்டேன்பா."

அவள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன நேரம் பார்த்து, குப்பைத் தொட்டியைக் குடைந்தார். வெங்காயத் தோல், மாத்திரை அட்டை, தலைமுடிச் சுருள். உறையைக் காணோம். சொந்த மகள்மேல் துப்புத் துலக்கக் குப்பையைக் கிளறுகிற மனிதனைப் பார்த்து அவருக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து மூன்றாவது தடவை படித்தார்.

'இந்த முடிவு எங்களிடம் உள்ள இடங்களின் எல்லையைக் காட்டுகிறதே தவிர, உங்கள் திறமையின் அளவை அல்ல.'

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இது அவருடைய வாக்கியம்! 'எங்கள் விதிகளின் எல்லையைக் காட்டுகிறதே தவிர, உங்கள் தேவையின் அளவை அல்ல' என்று எழுதி, அது எதற்கு அனாவசியமாக என்று கேட்ட மேலாளரோடு மல்லுக்கட்டி, ஒருவழியாகச் சம்மதம் வாங்கியது. அன்று சாயங்காலம் வீட்டில் உரக்கப் படித்தும் காட்டினார். மனைவி கொட்டாவி விட்டாள். மகள் மட்டும், "இன்னொரு தடவை படிங்கப்பா" என்றாள்.

ஆக, கடிதத்தை எழுதியது இவள்தான். ஏன் எழுதினாள்? அதற்கும் பதில் கைவசம் இருந்தது. இடம் கிடைத்துவிட்டது. கிடைத்ததை மறைக்கிறாள். அம்மா கை உடைந்து கிடக்கும்போது விட்டுவிட்டு வெளியூர் விடுதிக்குப் போக மனசு வரவில்லை. "நான் போயிட்டா இந்த வீட்டுல யாருக்கு என்ன தெரியும்?" என்று போன வாரம்கூட அலுத்துக்கொண்டாளே! பைத்தியக்காரப் பெண். நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வயிற்றில் பால் வார்த்தது போலவும் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் தெரிவித்தால் போதும் என்று விண்ணப்பத்திலேயே போட்டிருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது. மனைவியின் கை தேறும்வரை இவர் சமைக்க மாட்டாரா, என்ன? முட்டையாவது வேகவைக்கத் தெரியாதா?

மகள் துணிக் குவியலோடு இறங்கி வந்தாள்.

"இப்படி உக்காரு" என்றார். "நெசமான கடிதத்தை எடு."

துணியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"எங்கிட்டயேவா? இந்த வேலையிலதான்மா எனக்குத் தலை நரைச்சுது. சீட்டு கெடைச்சிருக்கு, அம்மாவுக்காக மறைக்கிற. ஒன் தியாகம் ஒண்ணும் வேணாம் எங்களுக்கு. எடு, இன்னைக்கே பதில் போட்டுடலாம்." குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்ததை அவரால் மறைக்க முடியவில்லை.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு துணியை நாற்காலியில் போட்டுவிட்டு, போனை எடுத்து, தேடி, அவர் முன்னால் வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'உங்கள் விண்ணப்பம் தேர்வாகவில்லை. இது தானியங்கிச் செய்தி. பதில் அனுப்ப வேண்டாம்.'

மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார். வேறொன்றும் இல்லை. மகளுடைய பெயர்கூட இல்லை.

"கெடைக்கலப்பா" என்றாள். "மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."

அவர் போனிலிருந்து கண்ணெடுத்து மகளைப் பார்த்தார். எத்தனை வீடுகளுக்கு அவர் மேசையிலிருந்து கடிதம் போயிருக்கும்! ஒரு வீட்டிலாவது இப்படி ஒரு முகத்தைப் பார்த்தாரா?

"அப்புறம் இத எதுக்கு எழுதின?"

"ரெண்டு நாளா அந்த மெசேஜையே பாத்துட்டு இருந்தேன். யாராச்சும் ஒழுங்கா இல்லன்னு சொன்னா நல்லா இருக்கும்னு தோணிச்சு. அப்பா எழுதினா எப்படி எழுதுவாருன்னு நெனச்சுக்கிட்டே எழுதினேன்." துணிக் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். "அப்புறம் அம்மாகிட்ட இதையே காட்டிடலாம்னு நெனச்சேன். அம்மா தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கு. அந்த மெசேஜைக் காட்டினா தாங்காது."

"மன்னிக்கவும்னு நான் எழுத மாட்டேனே" என்றார். அந்த நேரத்தில் அவருக்குச் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

"தெரியும்பா. அதை மட்டும் நானா சேர்த்தேன்."

வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மாடிப்படியில் செருப்புச் சத்தத்தோடு அம்மாவின் குரலும் ஏறி வந்தது. "கட்டு பிரிச்சாச்சுடீ! காலேஜ்லேருந்து ஏதாச்சும் வந்துதா?"

மகள் போனை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தாள். "கையெழுத்து இல்லாத காகிதத்தை அம்மா நம்பவே நம்பாதுப்பா" என்று கிசுகிசுத்தாள். "போட எனக்குத்தான் கை வரல."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அலுவலகத்தில் ஒரு கட்டுக் கடிதங்களுக்கு நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர், அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காகிதம் நகராமல் இருக்க, மகள் விரல்களால் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.