மேலே ஏறிய கோடு

வீட்டில் அவளுக்கு 'மாத்திரை தராத டாக்டர்' என்று பெயர். நிலத்தடி நீரை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவளிடம் வந்து முழங்கால் வலிக்கு மருந்து கேட்டால் பாவம், அவள் என்ன செய்வாள்? இல்லை என்றதும், "இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. பெயரை வைத்தவன் அவள் அண்ணன். செடிப் பண்ணை வைத்திருக்கிறான். வாய் கொஞ்சம் நீளம். தங்கை என்றால் உயிர்.

அதனால்தான், ஊர் நூலகத்தில் "உங்கள் ஆராய்ச்சியை மக்களுக்குச் சொல்லுங்களேன்" என்று கூப்பிட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சிக் கூட்டங்களில் பேசிப் பழகியவள்தான். ஆனால் அண்ணனும் அண்ணியும் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரரும் உட்கார்ந்து கேட்கப் பேசியதில்லை. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். அண்ணியை உட்கார வைத்துப் பேசிக்காட்டியதில் அண்ணி நன்றாகத் தூங்கி எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரங்கம் நிறைந்துவிட்டது. "நிலத்தடி நீர்மட்ட ஆழத்தில் காணப்படும் போக்கு, சில வரம்புகளுக்கு உட்பட்டு, கவனிக்கத்தக்கதாக உள்ளது" என்று அவள் ஆரம்பித்தாள். கொட்டாவிகள் எழுந்தன. பிறகு திரையில் அந்தப் படத்தைப் போட்டாள். கீழே ஆண்டுகள், அவற்றுக்கு மேல் இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகும் நீலக்கோடு. அரங்கம் நிமிர்ந்தது. முதலில் கைதட்டியது அண்ணன். அப்புறம் எல்லாரும். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவழியாக இவர்களுக்குப் புரிகிறது, கவலைப்படுகிறார்கள், ஏதாவது செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நன்றி சொன்னாள். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை பண்ணைப் பக்கம் பெரிய இரைச்சல். போர் போடும் லாரி ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வேடிக்கை பார்க்க அக்கம்பக்கம் கூடியிருந்தது. அண்ணன் லாரிக்காரரிடம் புது இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்குண்ணா இன்னொரு போர்?"

"எதுக்கா? எல்லாம் உன்னாலதான்! பின்னாடி நிலம் பூரா நாத்து விடப்போறேன். ஆளுங்ககிட்ட சொல்லியாச்சு. தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சதும் சும்மா இருக்க முடியுமா?"

"தண்ணி ஏறுதா? யார் சொன்னா?"

"நீதான். படம் போட்டுக் காட்டினியே!"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் அலுவலகத்தில் தரைக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைத்தான் அளப்பார்கள், அதைத்தான் வரைவார்கள். தூரம் கூடினால் கோடு மேலே போகும். கோடு மேலே போனால் அங்கே எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள். மேலே போகிற கோட்டைப் பார்த்து ஊரில் ஒருவன் சந்தோஷப்படுவான் என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"அண்ணா, அது தண்ணியோட கோடு இல்ல. ஆழத்தோட கோடு. ஆழம் கூடுது."

"ஆழம் கூடினா நல்லதுதானே டாக்டரம்மா?" என்றார் கோழிப்பண்ணைக்காரர். "ஆழமா இருந்தா நிறைய தண்ணி இருக்குன்னுதானே அர்த்தம்? நானும் நாளைக்கு இதே லாரியைத்தான் வரச்சொல்லியிருக்கேன்."

அவள் விளக்கினாள். குச்சியால் மண்ணில் வரைந்தாள். சராசரி என்றாள், பருவ மாற்றம் என்றாள். அவள் பேசப் பேச அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் யாருக்கும் அழுகைதான் வரும். லாரிக்காரர் இயந்திரத்தை நிமிர்த்த ஆரம்பித்தார்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். அளவு நாடாவோடு திரும்பி வந்தாள். நீளமான நாடா, நுனியில் சின்ன இரும்புக் கிண்ணம். அது தண்ணீரைத் தொட்டால் 'பளக்' என்று சத்தம் வரும். அதை வைத்துத்தான் மாதாமாதம் ஊர் முழுக்க அளக்கிறாள். ஆராய்ச்சியைத் தொடங்கிய வருஷம் அண்ணனின் பழைய போரில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றதோ, நாடாவில் அந்த அளவில் ஒரு சிவப்புத் துணியை முடிந்தாள். போரின் மூடியைத் திறந்தாள்.

"நீயே விடுண்ணா. நான் படிக்க ஆரம்பிச்சப்போ இந்தத் துணி இருக்கிற இடம் போர் விளிம்புக்கு வர்றப்பவே சத்தம் கேட்டுச்சு."

அவன் சிரித்துக்கொண்டேதான் நாடாவை விட்டான். துணி விளிம்புக்கு வந்தது. சத்தம் இல்லை. துணி உள்ளே போய் மறைந்தது. சத்தம் இல்லை. இன்னும் விட்டான். கோழிப்பண்ணைக்காரர் குனிந்து காதை வைத்தார். அண்ணன் சிரிப்பை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது. கடைசியில் எங்கோ அடியில் 'பளக்'.

நாடா விளிம்பைத் தொட்ட இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு, துணி தென்படும்வரை மேலே இழுத்தான். அந்த நீளத்தைத் தன் உடம்போடு வைத்துப் பார்த்தான். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது.

"மோட்டார் போட்டா தண்ணி வந்துட்டுதானே இருக்கு?"

"மோட்டார் இன்னும் கீழ இருக்கு. தண்ணி அதுக்குக் கீழ இறங்குறவரைக்கும் வரும். இன்னொரு போர் போட்டா ரெண்டும் சேர்ந்து சீக்கிரமா காயும். நீ விடுற நாத்தும் கருகிடும்."

அண்ணன் லாரிக்காரரைப் பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினான். பிறகு தங்கையைத் தனியாக அழைத்துக்கொண்டு போனான்.

"மாசாமாசம் என் போர்லதானே அளந்தே. ஒரு வார்த்தை சொல்லலியே?"

"ஆராய்ச்சி முடியாம வெளியில சொல்லக் கூடாதுன்னு வழக்கம்ணா."

"நான் வெளியா?"

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி, நேத்து சொன்னியே. தண்ணி வத்துதுன்னு நீ சொல்றப்போ நாங்க கை தட்டினா, இவங்க ஏன் கை தட்டுறாங்கன்னு உனக்குத் தோணலியா?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஊரே தன்னைக் கேட்டது என்ற மயக்கத்தில் அவள் ஒரு முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"தோணலண்ணா. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் அவள் தலையை ஒருதரம் அழுத்தினான். "எனக்கும்தான். என் தங்கச்சி பேசுறான்னு தட்டினேன். பாதி புரியல. பக்கத்துல இருக்கிறவன்கிட்ட கேட்க வெட்கம்." நாடாவைச் சுற்றி அவள் கையில் கொடுத்தான். "இன்னும் எத்தனை பேர் லாரி சொல்லியிருக்காங்களோ. ஏறு வண்டியில."

"அரங்கத்துல மறுபடி கூட்டம் போடச் சொல்லி..."

"கூட்டமும் வேண்டாம், படமும் வேண்டாம். வீடு வீடாப் போவோம்."

முதல் வீடு தெருமுனையில் காய்கறித் தோட்டக்காரருடையது. அவளைப் பார்த்ததும் அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கே ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவியும் பிள்ளைகளும். அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க அவளுக்கு மனசே இல்லை.

"வாங்கம்மா வாங்க! நேத்து நீங்க பேசினதைக் கேட்டதுலேர்ந்து வீட்ல ஒரே..."

வழக்கமாக அவள் தொண்டையில் வரிசை கட்டி நிற்கும் வரம்புகளும் போக்குகளும் வந்து நின்றன. அவள் அவற்றைத் தள்ளினாள். இந்தத் தடவை அவருடைய முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தண்ணி குறையுதுங்க," என்றாள். அவர் முகம் மாறுகிறவரை அங்கேயே நின்றாள்.