பானெட் திறக்காத சனிக்கிழமைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, என் கணவர் ஆதவனுடையது. நான் அதைச் சுருட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். சிங்கப்பூர் செங்காங்கில் ஒரு நாலறை வீட்டில் இரண்டு பேர் கதை விட்டால் இப்படித்தான் ஆகும்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடக்கும் மனிதனுக்கு வாழ்க்கை என்பது..." ஐயோ, வேண்டாம். இரண்டாவது: "சிவப்பு நிறத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நம்பிய ஸைஃப்..." இதுவும் வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

2

ஆதவனும் ஸைஃபும் பன்னிரண்டு வருட நண்பர்கள். சனிக்கிழமை காலை, ஃபேரர் பார்க்கில் ஒரு பரோட்டாக் கடை, இரண்டு தே தாரிக் டீ, எப்போதும் ஒரே சண்டை: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகலை ஒருவன் வாங்கலாமா, கூடாதா?

"ஃபைபர் பாடி, உள்ள டாக்ஸி இன்ஜின். அதுக்குப் பேரு காரா மச்சான்? மாறுவேஷப் போட்டி லா!" என்பார் ஸைஃப்.

"அசல் வேணும்னா உன் வீடு, என் வீடு ரெண்டையும் வித்தாலும் ஒரு கதவுதான் வரும். எனக்கு அந்த நீள மூக்கு போதும்டா," என்பார் ஆதவன்.

"மூக்கும் டூப்பு!"

(ஸைஃபுக்குச் சாங்கியில் விமானப் பராமரிப்பு வேலை. ஒரு இறக்கையில் எத்தனை திருகு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். போலிக் கடிகாரத்தை அசல் என்று பரிசளித்த சொந்தச் சித்தப்பா மகனோடு நாலு வருடமாகப் பேச்சில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

ஆறு மாதத்துக்கு முன் ஆதவன் வாங்கியேவிட்டார். அறுபதுகளின் ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு அச்சு அசலான சிவப்பு நகல். கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன், அவர்களிடம் வக்கீல்கள் இருப்பார்கள். இங்கே பதிந்து ஓட்ட வழியில்லை என்று விசாரித்ததில் தெரிந்தது. அதனால் வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில், தெரிந்தவர் ஒர்க்ஷாப்பில். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பூசாரி ஓட்டுநரின் நட்சத்திரம் கேட்டார், ஆதவன் காரின் நட்சத்திரத்தை யோசித்துக்கொண்டு நின்றார்.

திட்டம் இதுதான். அசல் என்று சொல்லி ஸைஃபை ஏற்றுவது, அவர் வாய் நிறையப் புகழ்ந்ததும் "நகல்டா!" என்று போட்டு உடைப்பது. பன்னிரண்டு வருடச் சண்டையில் ஒரே அடியில் வெற்றி. நானும் பின்னால் நின்று கைதட்டத் தயாராக இருந்தேன்.

ஸைஃப் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைத் தடவினார். (அசலில் ரிவெட் இருக்குமாம், இதில் ஐந்து பிளஸ் ஸ்குரூ.) பிறகு அந்த ஆறடி மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"எங்க அத்தா ஒரு டவுக்கே முதலாளிகிட்ட டிரைவரா இருந்தாங்க மச்சான். இதே காரு. கழுவுறப்ப கூடப் போவேன். ஒரு தடவகூட உள்ள உட்கார விட்டதில்ல."

ஆதவன் என்னைப் பார்த்தார். நான் ஆதவனைப் பார்த்தேன். "நகல்டா" அன்றைக்கு வெளியே வரவேயில்லை.

4

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இருவரும் பாலம் தாண்டுகிறார்கள். உட்லண்ட்ஸ் சாவடியில் இரண்டு மணி நேர வரிசை, எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சாலையில் முக்கால் மணி நேர ஓட்டம், மறுபடி வரிசை. கார் எங்கே கிடைத்தது என்று ஸைஃப் கேட்கப்போக, ஆதவன் பதற்றத்தில் காரின் பழைய சொந்தக்காரர் என்று பினாங்கு டாக்டர் ஒருவரைப் பெற்றெடுத்துவிட்டார். டாக்டருக்குக் காதல் வந்தது. காதலி கப்பலேறினாள். கார் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்தது. வாரம் ஒரு அத்தியாயம்! பத்து வருடமாக எழுதுகிறேன், என் கதையை அடுத்த வாரம் வரை யாரும் காத்திருந்து கேட்டதில்லை. பொறாமையாக இருக்கிறது, ஒளிக்கவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் மனிதருக்குச் சோறு இறங்குவதில்லை. "தெரிஞ்சா மூஞ்சியில முழிக்க மாட்டான் பவி. காரு போனாப் போகுது. அவன் போயிட்டா?"

5

எங்கள் எழுத்தாளர் வட்டத்தில் இதுவரை எழுதியதை வாசித்தேன், பெயர்களை மாற்றித்தான். பூவம்மா கண்ணாடியைக் கழற்றினார். தெம்பனிஸில் முப்பது வருடம் கணக்கு வாத்தியார். அவரிடம் எதுவும் தப்பாது.

"அந்தச் சிநேகிதன் பாத்திரம் நிக்கல பவித்ரா. விமானத்துல திருகு எண்ணுறவன் ஆறு மாசமா ஒருவாட்டிகூட பானெட்டத் திறன்னு சொல்லலையா? நம்புற மாதிரியா இருக்கு?"

பக்கென்றது. உண்மையாகவே ஸைஃப் கேட்டதில்லை. ஆதவன் பானெட் சாவியை வேண்டுமென்றே தொலைத்து, அதற்கொரு கதையும் தயாராக வைத்திருக்கிறார். கேட்க ஆளில்லை.

[இங்கே ஸைஃபின் மனத்துக்குள் புகுந்து ஒரு பத்தி எழுதினேன். படுமோசம். நீக்கிவிட்டேன்.]

6

இனி என் அறிவாளித்தனம். கார் வரும் கதை எதுவானாலும் ஸைஃபிடம் சரிபார்ப்பது என் வழக்கம். சிவப்பைப் பச்சையாக்கினேன், ஆதவனை அர்ஜுனாக்கினேன், அழுத இடத்தை வெட்டினேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று மூன்றாம் பகுதியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் துணி காயப்போடப் போனேன்.

திரும்பி வந்தால் பதில்.

"ஸ்டீயரிங்ல அஞ்சு ஸ்குரூ இல்ல தங்கச்சி, ஆறு. மொத நாளே எண்ணிட்டேன்."

துணி உலர்த்தும் மூங்கில் கழி கையிலிருந்து விழுந்தது. உடனே தட்டினேன்: "கோபமில்லையா அண்ணே?"

"அழுது முடிச்சுட்டுத்தான் எண்ணுனேன். கோவம் வந்துச்சு. அப்புறம் அவன் மூஞ்சியப் பாத்தேன். ஜெயிக்க வந்தவன் வாய மூடிக்கிட்டு நிக்கிறான். எனக்காக. அத்தா ஓட்டுன வண்டி எந்தக் குப்பையில போச்சோ. என்னை உட்கார வெச்சவன் இவன்தானே."

அடுத்து: "அவன்கிட்ட சொல்லிடாதே. டாக்டரு வெள்ளத்துல மாட்டியிருக்காரு. வர்ற சனிக்கிழமைதான் மீதிக் கதை."

நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

7

முடிவு ஒன்று: ஆதவனிடம் சொல்கிறேன். அவருக்குச் சோறு இறங்குகிறது, டாக்டர் வெள்ளத்தில் போகிறார்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. டாக்டர் பிழைக்கிறார், ஆதவன் இளைக்கிறார்.

முடிவு மூன்று: இருவரையும் பரோட்டாக் கடையில் உட்காரவைத்து... இல்லை, இல்லை, இது சீரியல்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டு மேசையிலிருந்து குரல். "பவி, அறுபத்து மூணுல பினாங்குல வெள்ளம் வந்துச்சா?" இன்று வெள்ளிக்கிழமை. தட்டில் சோறு அப்படியே இருக்கிறது, பக்கத்தில் குறிப்பேடு.

எழுந்து வருகிறார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்.

"கார் கதைதானே? நான் மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கேன், நீ என்னடான்னா சிரிச்சுக்கிட்டே எழுதுறே. படி, கேப்போம்."

நாளைக் காலை ஆறரைக்கு ஸைஃப் கீழே வந்து நிற்பார். எந்த முடிவை வாசிக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள். அதுவரை நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கிறேன்.