சிட்டு கோத்த வாக்கியம்

அந்தச் சனிக்கிழமை காலை முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலோர நாற்காலியில், மடியில் ஒரு பையோடு, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஆராய்ச்சிப் பெண். எதிரே சோபாவின் ஒரு நுனியில் வீட்டுக்காரர், மறு நுனியில் அவர் மனைவி. நடுவில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். கதவோர முக்காலியில், யாரும் கூப்பிடாமலே மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்ட மனைவியின் அக்கா. மேசைக்கு அடியில், அடுக்களைப் பக்கம் பார்த்தபடி, சிட்டு.

சிட்டுவுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. அவளுக்குப் பேச்சு இல்லாமலில்லை. ஆனால் பேசுவதெல்லாம் இரவல். முக்கியமாக, அந்தக் கட்டடத்து லிஃப்டில் பேசும் பெண்குரலுடையது. பசித்தால் "மேலே செல்கிறது" என்பாள். தூக்கம் வந்தால் "தரைத்தளம்." பிடிக்காதவர்கள் பக்கத்தில் வந்தால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கதவு மூடப்படுகிறது, விலகி நிற்கவும்." வீட்டில் எல்லோருக்கும் அந்த அகராதி மனப்பாடம்.

வீட்டுக்காரர் குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவர். வாய் திறந்து பேசுவது அவருக்குச் சிரமம். பேனாவைத் திறந்தால் கடகடவென்று வரும். மனைவியின் அக்கா அவரைப் 'பதில் கடிதம்' என்றுதான் கேலி செய்வார். 'தங்கள் தெருவின் நிலை கண்டு வருந்துகிறோம்' என்று எழுதி எழுதி, குழம்பில் உப்பில்லை என்பதைக்கூட அவர் அப்படித்தான் சொல்வாராம்.

ஆராய்ச்சிப் பெண் பையிலிருந்து புனல் வைத்த மூன்று சின்னக் குழாய்களை எடுத்து வைத்தாள். "அப்பா, அம்மா, குழந்தை, மூணு பேரோட எச்சிலும் வேணும் சார். பேச்சு வர்றதுல எந்தெந்த மரபணுவுக்குப் பங்கு இருக்குன்னு பாக்கறோம்."

"யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிடுமா?" மனைவியின் குரல் தரையைப் பார்த்து வந்தது.

"அவ்வளவு சுலபமில்லீங்க. நூத்துக்கணக்கான மரபணுக்கள் சம்பந்தப்பட்ட விஷயம். சிலது அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இல்லாம குழந்தைகிட்ட புதுசாவே வரும். பெரும்பாலான குடும்பங்களுக்கு எங்களால உறுதியா ஒண்ணும் சொல்ல முடியறதில்ல. ஏதாவது தெரிஞ்சா, உங்களுக்குச் சொல்லணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணிக்கலாம்."

வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி, கடமையாகத் துப்பி நிரப்பினார். மனைவி, கூச்சமாக இருக்கிறது என்று குழாயை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அக்காவும் பின்னாலேயே போனார். எச்சில் ஊறவே மற்றவர்களுக்கு நேரமெடுக்கும் என்று ஆராய்ச்சிப் பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மனைவியின் குழாய் நிரம்பி வந்துவிட்டது. சிட்டுதான் மசியவில்லை. துப்பக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியதே அப்பாதான். இப்போது அதே அப்பா "துப்புடா கண்ணு" என்று கெஞ்சினால்? "விலகி நிற்கவும்" என்றாள்.

"பரவால்ல, அவளுக்கு இன்னொரு நாள் வரேன்," என்று எழுந்த ஆராய்ச்சிப் பெண், வாசலில் நின்று ஒன்று சொன்னாள். "யாரும் சொல்லிக் குடுக்காம, அவளே கோத்து ஒரு வாக்கியம் பேசினா, அப்படியே எழுதி அனுப்புங்க சார். எப்போ, எதப் பாத்துச் சொன்னான்னும் எழுதணும். அது இல்லாம வெறும் வாக்கியம் எங்களுக்குப் பிரயோஜனமில்ல."

மறுநாள் மத்தியானம். மனைவி தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா அடுக்களை வாசற்படியில் நின்று மாடிக் குழாயின் அடைப்பைப் பற்றிப் புகார் வாசித்துக்கொண்டிருந்தார். சிட்டு வந்தாள். கழுவுதொட்டியைப் பார்த்தாள். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா துப்பல. பெரியம்மா துப்புச்சு. அம்மா நல்ல பொண்ணு."

எந்த லிஃப்டும் சொல்லாத வாக்கியம். வீட்டுக்காரர் முதலில் செய்தது, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேனாவைத் தேடியது. எழுதி முடித்த பிறகுதான், தான் எழுதியது என்னவென்று அவருக்கு உறைத்தது.

"என்னக்கா இது?"

"என்ன என்ன? நான்தான் துப்பினேன்," என்றார் அக்கா. "நேத்து அடுக்களைல இவ நடுங்கிட்டு நின்னா. எனக்கு ஒம்பது மாசத்துல பேச்சு வந்துச்சு தம்பி, இன்னிக்கு வரைக்கும் நின்னதில்ல. என் எச்சில்ல பேச்சு ஊறிக் கெடக்கு. ஒரே வயித்துல பொறந்தவங்கதானேன்னு குடுத்தேன்."

"எதுக்கு நடுங்கணும்?"

மனைவி தண்ணீர்க் குழாயை மூடினாள். "நாலு வயசு வரைக்கும் நான் பேசலீங்க. ஊமைன்னே பேர் வச்சிருந்தாங்க. கல்யாணத்தப்ப உங்ககிட்ட யாரும் சொல்லல. அப்புறம் சிட்டுவும்... என்னால என்னைக்கு வாயத் தொறந்து சொல்ல முடியும்?"

அவர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"வாக்கியத்த மட்டும் எழுதி அனுப்புங்களேன்," என்றாள் அவள். "எச்சில் சமாசாரம் வேண்டாம்."

"எதப் பாத்துச் சொன்னான்னு எழுதாட்டி அது செல்லாதே." தட்டை அடுக்கில் வைத்தார். "அவ முதல் முதல்ல சொந்தமா பேசியிருக்கா. அதப் பொய்யோட சேத்து அனுப்பணுமா?"

அவருக்கு வாய் அதற்கு மேல் ஓடவில்லை. முன்னறைக்குப் போய் சோபாவில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்து எழுதத் தொடங்கினார். நேரமானது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து பின்னால் நின்று படித்தாள். குழாய் மாறியது, சிட்டு சொன்னது, அப்போது யார் எங்கே நின்றார்கள் என்பது எல்லாம் அலுவலகச் சுத்தமாக இருந்தது. கடைசியில் ஒரு பத்தி: 'மேலும், குழந்தையின் தந்தையாகிய நான் இன்றுவரை சரளமாகப் பேசுகிறவன் அல்லன். வேண்டியதைத் தாளில் எழுதிக்காட்டியே பள்ளிப்படிப்பை முடித்தவன். தங்கள் ஆய்வில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.'

அவள் நுனியில் உட்காரவில்லை. அவரை ஒட்டியே உட்கார்ந்தாள்.

"எனக்குப் புதுக் குழாய் அனுப்பச் சொல்லி எழுதுங்க. எதாவது தெரிஞ்சா சொல்லட்டும். அப்புறம் இன்னொண்ணு." புடவை நுனியை விரலில் சுற்றினாள். "என்கிட்டேருந்துதான் வந்துச்சுன்னா, எனக்குப் பேச்சு எப்படி வந்துச்சுன்னும் கண்டுபிடிக்கச் சொல்லுங்க."

அவர் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினார்.

"என் எச்சில என்ன பண்ணுவாங்களாம்? திருப்பித் தருவாங்களா?" என்றார் வாசற்படியிலிருந்து அக்கா.

தாளை மடித்து உறைக்குள் வைத்து, பசை ஓரத்தை அவர் நாக்குக்குக் கொண்டுபோனபோது, சிட்டு அவர் கையிலிருந்து உறையைப் பிடுங்கினாள். நக்கக் கூடாது என்று அந்த வீட்டில் யாரும் இதுவரை சட்டம் போட்டிருக்கவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, ஒரு இடம் விடாமல், நாக்கால் நிதானமாக ஒரு கோடு இழுத்தாள். மனைவி சிரித்துவிட்டாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

தெருமுனைத் தபால்பெட்டிக்குச் சிட்டு அவர் தோளில் போனாள். உறை உள்ளே விழுந்த சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டாள்.

"கதவு மூடப்படுகிறது. விலகி நிற்கவும்."

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார்.