எடை போட்ட ஏரி

எங்கள் கல்லூரியில் பொன்மலருக்கு ஏன்மலர் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் பொருத்தமாக வைத்துவிட்டார்கள். இங்கிலீஷ் வகுப்பில் அவள் எனக்குப் பக்கத்து இடம். அவள் கணக்கு எடுத்திருந்தாள், நான் கெமிஸ்ட்ரி. எழுபத்தேழாம் வருஷம், வேலூரில் இருவரும் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் டிசம்பரில் ஏன்மலர் ஃபெயிலானாள்.

கணக்கு வராமல் இல்லை. தேர்வில் இன்டக்ரேஷன் கேட்டிருந்தார்கள். வளைந்த கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். இவள் முதல் கணக்கைப் போட்டாள், விடையும் சரியாக வந்தது. அதற்கப்புறம் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, மிச்ச நேரம் முழுக்க ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள். 'பரப்பை மெல்லிய பட்டைகளாக வெட்டிக் கூட்டுகிறோம் என்கிறீர்கள். பட்டையின் அகலம் பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது என்கிறீர்கள். அகலமே இல்லாத பட்டைக்குப் பரப்பு ஏது? ஒன்றுமில்லாததை எத்தனை முறை கூட்டினாலும் ஒன்றுமில்லைதானே? அப்புறம் எப்படி விடை வருகிறது?'

கணக்கு வாத்தியார் கோதண்டபாணி சார் அந்தக் கேள்வியைச் சுற்றி சிவப்பு மையால் பெரிய வட்டம் போட்டு, அவளைக் கூப்பிட்டார்.

"கேள்வி நல்ல கேள்விம்மா. ஆனா இதுக்கு மார்க் கிடையாது."

"பதில் கிடைக்குமா சார்?"

"தியரி எழுதிப் போட்டா அது உனக்கு இன்னொரு கேள்வியாத்தான் தெரியும். உனக்குப் புரியற மாதிரி எங்கயாவது இருக்கான்னு நீயே தேடிப் பாரு. ஜனவரியில மறுதேர்வு வெக்கறேன்."

வீட்டில் அவள் அம்மா டோரதி சிஸ்டர் வேறு மாதிரிப் பார்த்தார். அவர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். வேலூரில் காகிதப்பட்டறை என்ற பகுதியில் அவர்கள் குடியிருந்த தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். மகளும் நர்சாக வேண்டும் என்பது அவர் ஆசை.

"ஒரு கணக்குல ஃபெயிலாகிட்டு அழுதாலாவது பரவால்ல," என்றார் என்னிடம். "இவ பேப்பரைக் கொண்டாந்து, சார் நல்ல கேள்வின்னு சொன்னாருன்னு சிரிக்கிறா. ஜூன்ல நர்சிங் அட்மிஷன் வருது. நீயாவது சொல்லு ஜஹீதா."

நான் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் ஹாஸ்டலிலிருந்து ஆம்பூருக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊர் மாறினால் இரண்டு நாளாவது கேள்வி கேட்காமல் இருப்பாள் என்று நினைத்தேன். 

என் அப்பா மக்பூல் அகமது ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் அளவுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதனிட்டு முடித்த தோல்களை அளந்து, ரகம் பிரித்து, கட்டுக் கட்டி அனுப்பும் இடம் அது. தோலை எப்படி அளப்பார்கள் என்று பொன்மலர் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். சதுர அடிக் கணக்கில் என்றார் அப்பா. அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"ஆட்டுத் தோல் சதுரமா இல்லையே. கழுத்து, கால், வாலுன்னு நெளிஞ்சுதானே இருக்கும்?"

"மெஷின் இருக்கும்மா."

"மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் காலையில் எங்கள் இருவரையும் கம்பெனிக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று.

அந்த மெஷின் நீளமான ஒரு மேஜை. அதன் குறுக்கே வரிசையாகச் சின்னச் சின்னச் சக்கரங்கள். ஒரு பக்கம் தோலைக் கொடுத்தால் மறுபக்கம் வெளியே வரும், மேலே கடிகாரம் போன்ற வட்டத்தில் ஒரு முள் நகர்ந்து சதுர அடியைக் காட்டும். அப்பா பல வருஷமாக அந்த முள்ளைத்தான் பார்த்திருக்கிறார். பொன்மலர் குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். மறுபடி ஒரு தோலை விடச் சொன்னாள். அப்புறம் இன்னொன்றை.

"ஜஹீதா, இங்க வா. எந்தச் சக்கரத்துக்குக் கீழ தோல் இருக்கோ அது மட்டும் சுத்துது பாரு. தோல் முடிஞ்சதும் நின்னுடுது. ஓரத்துல இருக்கிற சக்கரம் கால் பக்கம் வந்தப்பதான் கொஞ்சம் சுத்திச்சு. நடுவுல இருக்கிறது கழுத்துலருந்து வாலு வரைக்கும் சுத்திச்சு. எல்லாத்தையும் சேர்த்து முள்ளு காட்டுது."

"அதனால இன்னா?"

"ஒவ்வொரு சக்கரமும் ஒரு பட்டைடி. இது இன்டக்ரேஷன் போடுது."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"சக்கரத்தை இன்னும் மெல்லிசாக்கி, இன்னும் நெறைய வெச்சா என்ன ஆகும்?"

"ஓரத்துல தப்பு கம்மியாகும். இன்னும் சரியா காட்டும்," என்றார் அப்பா.

"அதைவிட மெல்லிசா?"

"அதைவிடச் சரியா."

"ஒண்ணுமே இல்லாத அளவுக்கு மெல்லிசா?"

அப்பா யோசித்தார். "அப்போ சக்கரமே இருக்காதேம்மா. தோலை எது அளக்கும்?"

பொன்மலர் சக்கரங்களை விட்டு நிமிர்ந்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். "இருக்காது. அது வரைக்கும் போகவே வேணாம். மெல்லிசாக்கிக்கிட்டே போனா முள்ளு எந்த எண்ணைப் பார்த்துப் போவுதுன்னு கண்டுபிடிச்சா போதும். அதுதான் விடை. நான் கடைசிச் சக்கரத்தைத் தேடிக்கிட்டு இருந்தேன்."

இதோடு அப்பாவுக்கு விடுதலை என்று நினைத்தேன். ஆனால் அவள் அதே தோலைக் குறுக்காகத் திருப்பி விடச் சொன்னாள். முள் முன்பு நின்ற இடத்தில் நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றது. கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அப்பா மூன்றாவது முறை விட்டுப் பார்த்தார். அப்போதும் அப்படித்தான்.

"எது சரி?" என்று கேட்டாள் பொன்மலர்.

"நாங்க குறுக்கே விடறது வழக்கம் இல்லைம்மா," என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதை நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன், ஏனென்றால் அந்த முழுக் கதையிலும் என்னுடையது இது ஒன்றுதான். அந்தத் தோலைப் பழுப்புத் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு வெட்டினோம். அதே தாளில் சரியாக ஒரு சதுர அடி தனியாக வெட்டினோம். திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி லேபில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் இரண்டையும் நிறுத்தோம். ஒரு சதுர அடித் தாள் எத்தனை எடை என்று தெரிந்தால், தோல் வடிவத்தில் வெட்டிய தாளின் எடை அதைப் போல் எத்தனை மடங்கோ அத்தனை சதுர அடி. விடை மெஷின் காட்டிய இரண்டு எண்களுக்கும் நடுவில் வந்தது. அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். 'இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் தப்பு என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்' என்று பதில் வந்தது.

ஜனவரியில் மறுதேர்வு எழுதித் தேறிய கையோடு, கோதண்டபாணி சாரிடம் பொன்மலர் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுசும் கேட்டார். முடிந்ததும், மாதக் கடைசியில் கல்லூரியில் நடக்கப்போகும் அறிவியல் கண்காட்சியில் எங்களுக்கு ஒரு மேஜை ஒதுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொன்மலர் வீட்டில் நாங்கள் கண்காட்சிக்கு என்னென்ன அளக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, டோரதி சிஸ்டர் புடவையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தாளை நிறுத்துப் பரப்பு சொல்லலாம்னா, இதைச் சொல்லுங்க பார்ப்போம். எங்க வார்டுல ஒருத்தருக்கு உடம்புல எவ்ளோ வெந்திருக்குன்னு உடனே கணக்கு பண்ணணும். சின்னக் காயமா இருந்தா அவங்க கையை வெச்சுப் பார்ப்போம். விரலோட சேர்த்து ஒரு உள்ளங்கை, உடம்புல நூத்துல ஒரு பங்குன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நானும் இத்தனை வருஷமா அப்படித்தான் பார்க்கறேன். அது நெஜமா?"

பொன்மலர் அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீ யாரையும் கேட்டதில்லையா?"

"யாரைக் கேட்க? கேட்டா, உனக்கு எதுக்குன்னுவாங்க."

அம்மாவும் மகளும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அப்போதே நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் சர்ச்சுக்குப் போய் வந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு என் மேல் செய்தித்தாள் ஒட்டத் தொடங்கினார்கள். பழைய சுடிதார் ஒன்றைப் போட்டு, அது உடம்போடு ஒட்டி நிற்கும்படி சிஸ்டர் மேலே துணிப் பட்டி சுற்றிவிட்டார். பேண்டேஜ் போட்டுப் பழகிய கை. முழங்கையிலும் முழங்காலிலும் தாள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் கிழித்துக் கிழித்துப் பொருத்தினார். பொன்மலர் பசை தடவினாள். நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். மூக்கு அரித்தபோது பொன்மலர் சொறிந்துவிட்டாள்.

"உன் முதுகுல ஒரு கல்யாண விளம்பரம் இருக்குடி," என்றாள். "மாப்பிள்ளை பேங்க்ல வேலை."

"எந்த ஊரு?"

"கிழிஞ்சிடுச்சு."

தலையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அமிர்தவள்ளி மோர் கேட்டு வந்தார். சிஸ்டர் கதவைத் திறக்கவும், உள்ளே கண் மட்டும் தெரிய நின்ற என்னைப் பார்த்தார்.

"ஐயோ, யாருக்கு இன்னா ஆச்சு சிஸ்டர்?"

"ஒண்ணும் இல்ல அமிர்தவள்ளி. பரப்பு எடுக்கறோம்."

அவர் மோர் வாங்காமலே போய்விட்டார்.

தாளைக் கத்தரித்து எடுத்து, காய வைத்து, திங்கட்கிழமை தராசுக்குக் கொண்டு போனோம். என் கையை அதே செய்தித்தாளில் வைத்துக் கோடு போட்டு வெட்டி, அதே பசையைத் தடவி, அதையும் நிறுத்தோம். கை, நூற்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. தாள் சுருங்கியிருக்கலாம், பசை கூடக் குறைய இருந்திருக்கலாம் என்பதால் மறுபடி செய்து பார்க்கலாம் என்றாள் பொன்மலர். இந்த முறை வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். சிஸ்டரே நின்றார். அவருக்கும் ஏறக்குறைய அதே போல் வந்தது.

"சொல்லிக் குடுத்தவங்க மோசம் பண்ணல," என்றார் சிஸ்டர். அவர் முகம் நான் அதுவரை பார்க்காத அளவுக்கு மலர்ந்திருந்தது. "அவசரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கலாம். நானே அளந்து பார்த்துட்டேன்."

கண்காட்சியில் எங்கள் மேஜைக்குப் பின்னால் 'எதையும் கொண்டு வாருங்கள், பரப்பு சொல்கிறோம்' என்று எழுதி ஒட்டியிருந்தோம். முதல் ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. எல்லோரும் எதிரே புகை விட்ட எரிமலையைச் சுற்றி நின்றார்கள். பிறகு ஒருத்தி அரச இலை கொண்டு வந்தாள். ஒருவர் தன் குழந்தையின் காலைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். கேன்டீனிலிருந்து யாரோ ஒரு தோசையே கொண்டு வந்தார்கள். அளந்து முடிக்கும் வரை அது ஆறிப்போனதால் பொன்மலரே தின்றுவிட்டாள். காவேரிப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தங்கள் ஊர் ஏரியைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். கல்லூரி லைப்ரரியிலிருந்து வரைபடம் வாங்கி வந்து, ஏரியைத் தாளில் எடுத்து, வெட்டி, தராசில் வைத்தோம். தட்டில் ஏரி ஏறுவதை அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "எங்க ஏரி இவ்ளோ லேசா?" என்றார். கூட்டம் அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பியது.

மதியம் கோதண்டபாணி சார் வந்தார். கட்டத் தாளில் ஒரு வளைகோடு வரைந்து கொண்டு வந்திருந்தார். விடையைத் தன் சட்டைப்பையில் வைத்திருப்பதாகச் சொன்னார். பொன்மலர் வெட்டினாள், நான் நிறுத்தேன், அவள் கணக்குப் போட்டுச் சொன்னாள். சார் பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன.

"கொஞ்சம் வித்தியாசம் இருக்கே," என்றார்.

"கத்தரி கொஞ்சம் தடிமன் சார்," என்றாள். "இன்னும் மெல்லிசா வெட்டினா உங்க விடைப் பக்கமாத்தான் போவும்."

சார் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் முறை.

முதல் பரிசு எரிமலைக்குப் போனது. எங்களுக்கு இரண்டாவது. டோரதி சிஸ்டர் ட்யூட்டி முடிந்து வார்டு நர்சுகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளங்கைக் கணக்கை அவரே நின்று விளக்கினார், எங்களைப் பேச விடவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என் காதோடு சொன்னார்: "இவளுக்கு நர்சிங் வேணாம் ஜஹீதா. இத்தனை கேள்வி கேட்டா பேஷன்ட் எழுந்து ஓடிப் போய்டுவான். கணக்கையே படிக்கட்டும்."

பொன்மலருக்கு அது காதில் விழவில்லை. மேஜையைக் காலி செய்கிற நேரத்தில் அவள் ஒரு நூலை எடுத்து ஏரியின் கரையோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களிடம் அந்த ஏரிக்கு இரண்டு வரைபடங்கள் இருந்தன, ஒன்று சிறியது, ஒன்று பெரியது. அந்தந்தப் படத்தின் அளவுகோல்படி கணக்குப் போட்டால் பரப்பு இரண்டிலும் ஒன்றாகவே வந்தது. ஆனால் கரையின் நீளம் பெரிய படத்தில் அதிகமாக வந்தது.

"சார், பெரிய படத்துல நெளிவு ஜாஸ்தி. இதைவிடப் பெரிய படம் கெடைச்சா இன்னும் ஜாஸ்தியாத்தானே வரும்? நேர்ல போயி ஒவ்வொரு கல்லையும் சுத்தி நூல் வெச்சா? இது எந்த எண்ணைப் பார்த்துப் போவுது? அப்போ ஏரிக்குக் கரை எவ்ளோ நீளம்?"

கிளம்பிக்கொண்டிருந்த கோதண்டபாணி சார் நின்றார். படத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றி மேல் ஏற்றிவிட்டு இன்னும் கிட்டே பார்த்தார்.

"எனக்குத் தெரியலையேம்மா," என்றார்.

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கையை நீட்டினார்.

"அந்த நூலை இப்படிக் குடு."