கறுப்புக் கரையில் ஏழு புள்ளிகள்

முள்முடி சூடிய இயேசுவைச் சுற்றியிருந்த தடித்த கறுப்புக் கரையில் ஏழு வெள்ளைப் புள்ளிகள். குண்டூசித் தலையளவு, எல்லாம் சுத்த வட்டம். அவை எப்படி வந்தன என்று அமலினிக்கு விளங்கவேயில்லை.

லிபெர்த்தா வீதியில் அவள் பராமரிக்கும் வயதான சின்யோரா அம்மையாரின் கட்டிலுக்கு மேலே தொங்கும் படம் அது. ஐந்நூறு வருடத்துக்கு முன், லூத்தர் ரோமத் திருச்சபையோடு முரண்பட்ட காலத்தில், மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, தாளை அழுத்தி எடுத்தது. மேலே படம், கீழே நோயாளிகளுக்கான செபம். நேற்று சின்யோராவின் மகன் அதே படத்தை ஒரு புத்தகத்தில் காட்டினார். அதில் ஒரு புள்ளியும் இல்லை.

"நீ கவனிக்கவில்லை, பூச்சி அரித்துவிட்டது" என்றவர் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அது இல்லாமல் வெள்ளிக்கிழமை வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது.

கபோ சந்தையில் மீன் வெட்டும் கணவன் பேனாட், விசயத்தைக் கேட்டதும் தொலைபேசியில் கத்தினான்.

"படத்திலை கை வைக்காதையும்! பிறகு நீர்தான் ஓட்டை போட்டனீர் எண்டுவினம். அந்தோனியாருக்கு நேந்துகொள்ளும்."

"பன்ரெண்டு வரியமா நேந்து அவருக்கே அலுத்துப்போச்சு. நீங்கள் மீனைப் பாருங்கோ."

வெள்ளிக்கிழமைக்கான பத்திரங்களை அடுக்கினாள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ். இரண்டிலும் மொழிபெயர்ப்பாளரின் வட்ட முத்திரை. இரண்டு வட்டத்திலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளை வெட்டு. மூன்று வருட இடைவெளியில் குத்திய இரண்டு தாளும் ஒரே இடத்தில் பழுதாகுமா? உடைந்தது முத்திரைக் கட்டை.

அவள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இயேசுவே, தாவீதின் மகனே, என்மேல் இரங்கும்" என்று முணுமுணுத்தபடி, சமையல் கத்தியால் சட்டத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள்.

நான்கு மணிக்கு மகன் வந்தார். சட்டத்திலிருந்து வெளியே கிடந்த தாளைக் கண்டதும் முகம் சிவந்தது. அவர் வாய் திறக்குமுன் அமலினி அதைப் பல்கனி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். ஒரு புள்ளியிலும் வெளிச்சம் ஊடுருவவில்லை. அவர் விரலால் தடவினார். வழவழப்பு.

ஒப்பந்தத்தை விரித்துப் பேனையை எடுத்தார். "அப்படியானால் இந்த வெள்ளை?"

"பூச்சி தின்றது தாளை இல்லை, அச்சுக்கட்டையை. துளை விழுந்த இடத்தில் மை ஏறாது. மை இல்லாத இடம் தாளில் வெள்ளையாகவே நிற்கும். புத்தகத்தில் உள்ளது பூச்சி வருவதற்கு முன் எடுத்த தாள். இது அதே கட்டையில் பிறகு எடுத்தது."