வாத்தியார் எழுதிய கெட்டவன்

சின்ன காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அந்தோணி, அறுபத்தெட்டாம் வருஷம் பங்குக் கோயில் பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுதினார். கிறிஸ்துவிடம் போனால் எப்பேர்ப்பட்ட நெஞ்சுக்கும் சமாதானம் கிடைக்கும் என்பதுதான் கதை. அவர் நெஞ்சுக்கு ஆறு வருஷமாக அது கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

காரணம் அண்ணன் முனிரத்தினம். அம்மா கல்லறைக் கல்லில் தன் பேரை மட்டும் வெட்டிவைத்து, தம்பி பேரை விட்டுவிட்ட புண்ணியவான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. ஒரே ஒரு தடவை வந்து "தப்புதான்பா" என்று அண்ணன் சொல்லட்டும் என்று வாத்தியார் காத்திருந்தார். வருகிறவராகக் காணோம். சரி, கதையிலாவது சொல்லவைப்போம் என்று பேனாவை எடுத்தார்.

ஆனால் ஊர் கண்டுபிடித்துவிட்டால் அசிங்கம். ஆகவே அகங்காரம் பிடித்த அண்ணனைத் தம்பியாக்கினார். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவரைப் பள்ளிக்கூட வாத்தியாராக்கினார். தொந்தியைக் கரைத்து மூக்குக்கண்ணாடி மாட்டினார். கல்லறைக் கல்லை அடியோடு எடுத்துவிட்டார். சகோதரன் எதிரே வந்தால் சந்தில் திரும்பிவிடும் வீம்பு ஒன்றே போதும் என்று விட்டார். கடைசி அத்தியாயத்தில் அந்த வீம்புக்காரன் பீடத்தின் முன் விழுந்து, சகோதரனிடம் மன்னிப்புக் கேட்டுக் கதறினான். எழுதும்போதே வாத்தியாருக்கு வயிறு குளிர்ந்தது.

அந்த இதழ் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு முனிரத்தினம் வீட்டுக்கே வந்துவிட்டார். கண்கள் சிவந்திருந்தன. வாத்தியாரின் மனைவி மரியம்மாள் பதறிப்போய் நாற்காலி போட்டாள். வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு வருஷத்து வார்த்தை இதோ வரப்போகிறது.

"படிச்சேன்பா அந்தோணி. அழுதுக்கினே படிச்சேன்." அண்ணன் சாயம் ஏறிய கைகளால் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரு, மூக்குக்கண்ணாடி, எல்லாம் அப்டியே நீதான். என்னைப் பாத்தா சந்துல பூந்துடுவியே, அதைக்கூட மறைக்காம எழுதிக்கிறியே! தன்னையே இப்டி அறுத்துப்போட யாருக்குப்பா மனசு வரும்? போவட்டும். நான் மன்னிச்சிட்டேன்."

வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அது நீதான்!' என்று கத்த வாயைத் திறந்தார். ஆனால் அந்தச் சந்து? அண்ணன் ஒருநாளும் சந்தில் திரும்பியதில்லை. திரும்பியது யார் என்று யோசித்ததும் வாய் மூடிக்கொண்டது. பிடித்திருந்த கை வேறு சூடாக இருந்தது. இந்தக் கைக்காக எவ்வளவு ஏங்கிக் கிடந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மரியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாண்ணே, நான்தான்," என்றார் வாத்தியார். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பாதி கோபம், பாதி நிம்மதி.

"அழாதப்பா," என்றார் முனிரத்தினம், பெரிய மனசோடு.