பத்து கிராம் ஸ்பூன்

பேனாவை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டவனுக்கு ஸ்பூன் வந்தது. ஆரஞ்சு நிறம், நுனியில் ரப்பர் வைத்த குழந்தை ஸ்பூன். காலையில் மசித்த காரட் அதன் பிடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் மூன்று பெட்டிகளோடு நின்ற பெரியவர் ஸ்பூனைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அவன் அதை அவசரமாகப் பைக்குள் திணித்துவிட்டு மேசை முழுக்கத் துழாவினான். பேனா காதில்தான் இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால். புதன்கிழமை. இன்னும் கால் மணி நேரத்தில் மனைவி குழந்தையோடு வந்துவிடுவாள்.

பெற்ற பிள்ளையைப் பார்சல் ஆபீஸ் தராசில் நிறுத்துப் பார்க்கும் இந்தக் கூத்தை ஆரம்பித்தவள் அவள்தான். கிளினிக்கில் மாதத்துக்கு ஒரு முறைதான் எடை போடுவார்கள். ஒரு மாதமெல்லாம் அவளால் பொறுக்க முடியாது. "உங்க ஆபீஸ் தராசு கிராம் சுத்தமா காட்டும்னு பெருமையடிப்பீங்களே, அதுலயே போட்டுப் பாப்போம்" என்று ஒருநாள் வந்து நின்றாள். மேனேஜர் முதலில் முறைத்தார். குழந்தை அவரைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது, ஆள் அவுட். அன்றிலிருந்து புதன்கிழமை நாலு மணி சிட்டுவுக்கு. பெயர் வைத்தது என்னவோ பெரிய பெயர்தான், ஆனால் கூப்பிடுவதெல்லாம் சிட்டு.

சிட்டுவுக்கு ஏழு மாதம். மூன்று வாரமாகப் பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். மூன்று வாரமாக எடையும் நகரவில்லை. மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கும் வேலை. நான்கு வருடம் தற்காலிகமாகவே இழுத்தடித்து, கர்ப்பமாக இருந்தபோதுதான் நிரந்தரம் ஆக்கினார்கள். காலை ஷிப்ட் அவளுக்கு, மதிய ஷிப்ட் அவனுக்கு. விடியலில் தாய்ப்பால் எடுத்து பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் போவாள். திரும்பி வரும்போது பாட்டில் போட்டது போட்டபடி இருக்கும். நேரடியாகக் கொடுத்துப் பார்ப்பாள். இரண்டு வாய் சப்பிவிட்டு சிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நான் வேலைக்குப் போனேன்ல, அந்தக் கோவம் அவளுக்கு" என்றாள் இன்று காலை, செருப்பை மாட்டியபடி. "இன்னைக்கும் எடை ஏறலன்னா நாளைக்கே வேலைய விடறேன்னு லெட்டர் குடுத்துடறேன். எழுதி வச்சுட்டேன்."

அவன் என்ன சொன்னான்? "பாத்துப் போ" என்றான். அட, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே கேட்டுக்கொண்டுதான் கதவைச் சாத்தினான்.

காரணம் அவனுக்குத் தெரியும். முதலில் பால், ஒரு மணி நேரம் கழித்து மசித்தது இரண்டே ஸ்பூன் என்று நர்ஸ் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தாள். அவன் தலைகீழாகச் செய்தான். முதலில் காரட், ஆப்பிள், பூசணி. இரண்டு ஸ்பூன் நாலாகி, நாலு பத்தாகியது. வயிறு நிரம்பிய பிறகு பாட்டிலைக் காட்டினால் எந்தக் குழந்தை குடிக்கும்? மனைவி கேட்கும்போது "குடிக்கல" என்பான். பொய் இல்லை. குடிக்கவில்லைதான்.

வேண்டுமென்றா செய்தான்? ஆறு மாதம் அந்த வீட்டில் அவன் துணி மடித்தான், பாட்டில் கொதிக்க வைத்தான், தோளில் போட்டு நடந்து நடந்து தரையைத் தேய்த்தான். அவன் கையில் வீறிடும் குழந்தை, அம்மாவின் வாசம் பட்டதும் கப்சிப். அவனிடம் அவளுக்கு வேண்டியது ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒருநாள் ஸ்பூனை நீட்டினான். சிட்டு நாக்கால் தொட்டுப் பார்த்தாள், ஒரு நொடி யோசித்தாள், கையைக் காலை உதறிக்கொண்டு வாயை ஆவென்று பிளந்தாள். அவனைப் பார்த்து. அந்தக் கிறுக்குதான் இன்றுவரை இறங்கவில்லை. மனைவி அப்படிச் சொல்லிவிட்டுப் போன பிறகும், இன்று காலை பதினெட்டு ஸ்பூன் ஊட்டினான்.

நாலு மணிக்கு வந்துவிட்டாள். தோள்பையைக் கவுன்டரில் வைத்தாள். அதன் வாயில் ஒரு வெள்ளைக் கவரின் முனை எட்டிப் பார்த்தது. பெரியவர் தன் பெட்டியை நகர்த்தி இடம் விட்டார். அவன் தராசில் துண்டை விரித்து எண்ணைப் பூஜ்யமாக்கினான். அவள் குழந்தையின் டயப்பர் வரைக்கும் கழற்றிவிட்டு உட்கார வைத்தாள். சிட்டு அப்பாவைக் கண்டதும் துள்ளினாள். எண்கள் தாறுமாறாக ஓடின.

"ஆடாம இருடி செல்லம், ஆடாம இரு" என்று கெஞ்சினாள் அவள். குழந்தை சாய்ந்துவிடாதபடி அவளுடைய விரல்கள் தராசைத் தொடாமல் இரண்டு பக்கமும் காவல் நின்றன. மெழுகுப் பல்லின் ஓரத்தை மயிரிழை பிசகாமல் சீவுகிற விரல்கள்.

எண்கள் ஓய்ந்தன. ஆறு கிலோ எழுநூற்று இருபத்தைந்து. போன வாரத்தைவிடப் பதினைந்து கிராம் குறைவு.

"எவ்ளோங்க?"

எண் பலகை அவன் பக்கம்தான் இருந்தது. எழுநூற்றுத் தொண்ணூறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கவர் பைக்குள்ளேயே கிடக்கும். ஒரு வாரத்துக்குக் கிடக்கும். அடுத்த புதன்கிழமை என்ன சொல்வான்?

"கொறஞ்சிருக்கு."

அவள் குழந்தையைத் தூக்கி முந்தானையால் சுற்றினாள். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "சரி. சரிங்க. நாளைக்கு குடுத்துடறேன்."

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஸ்பூனை எடுத்துக் காலியான தராசில் வைத்தான். பத்து கிராம் என்று காட்டியது. சிட்டு அதைப் பார்த்துவிட்டாள். அம்மாவின் தோளிலிருந்து பாதி உடம்பை வெளியே எறிந்து, வாயைப் பிளந்தாள்.

"லெட்டர் குடுக்காதம்மா. அவளுக்குக் கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. நாந்தான். பாலுக்கு முன்னாடியே வயிறு முட்டக் குடுத்துடறேன். இன்னைக்குக்கூட."

"எத்தன நாளா?"

"மூணு வாரமா."

கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் தேவலை. ஸ்பூனைத் தராசிலிருந்து எடுத்தாள், காய்ந்த காரட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "தெனம் கண்ணாடி முன்னாடி நின்னு என் ஒடம்புல என்ன கொறன்னு பாத்துக்கிட்டு இருந்தேங்க" என்றாள், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில். பிறகு ஸ்பூனோடும் குழந்தையோடும் பெட்டிக் குவியலுக்குப் பின்னால் போய், துணி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். அங்கிருந்து அவள் தலை உச்சி மட்டும் தெரிந்தது.

அவன் பெரியவரின் பெட்டியை இழுத்து டேப்பை ஒட்டி இழுத்தான். கர்ர்ர் என்றது. உள்ளேயிருந்து சிட்டு சிணுங்கும் சத்தம் கேட்டது.

"அத நிறுத்துங்க. பால விட்டுட்டுத் திரும்பித் திரும்பிப் பாக்கறா."

நிறுத்தினான். பெரியவரைப் பார்த்துக் கெஞ்சுகிற மாதிரிக் கையைக் காட்டினான். அவர் பரவாயில்லை என்று தலையசைத்தார். மேனேஜர் எழுந்து போய்த் தன் அறையில் அலறிக்கொண்டிருந்த போனை எடுத்து உடனே வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "ஸ்பூனப் பாத்தா உங்ககிட்ட எப்பவும் அப்படித்தான் வாயத் தொறப்பாளா?"

"ம்."

"நான் ஊட்டறப்ப ஒதட்ட இறுக்கிக்குவா. ஒரு தடவகூட அப்படித் தொறந்ததில்ல."

கவுன்டரில் அவளுடைய பை, பையின் வாயில் கவர். டேப்பின் ஒரு முனை பெட்டியில் ஒட்டியிருக்க, உருளை அவன் கையில் அந்தரத்தில் நின்றது. கை வலித்தது. உள்ளே களுக் என்று ஒரு மிடறு இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. வரிசையில் இப்போது நாலு பேர். ஒருவரும் இருமக்கூட இல்லை.

களுக். மறுபடியும் களுக்.

அவன் டேப்பை இழுக்கவில்லை.